சுயபலமும் ஜெபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் கூட்டங்களிலும் தனிப்பட்ட பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. பல வருடங்களாக ஜெபித்து, நடுவில் ஜெபிக்காமல் விட்டு, மறுபடி ஜெபிக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு விசுவாசி. அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

சுயபலத்தைச் சார்ந்திருப்பது என்றால் என்ன? திறமையாக இருப்பது தவறா?

திறமை தவறே இல்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய பெசலெயேலைத் தேவன் அழைத்தபோது, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யும் ஞானத்தைக் கொடுத்தவரே அவர்தான் என்று யாத்திராகமம் சொல்கிறது. கைத்திறனும் படிப்பும் அனுபவமும் அவரிடமிருந்து வந்தவை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்தவரை விட்டுவிட்டு கொடுத்ததன்மேல் சாய்ந்துகொள்கிறோம். 'இதை நான் பார்த்துக்கொள்வேன், உம்மிடம் பிறகு வருகிறேன்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நம்முடைய நாள் அப்படித்தான் ஓடுகிறது. அதைத்தான் சுயபலம் என்கிறோம்.

என்னிடம் சுயபலம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு எளிய வழி சொல்கிறேன். கடந்த ஒரு வாரத்தில் எந்தெந்தக் காரியங்களுக்காக ஜெபித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, ஜெபிக்காமல் செய்து முடித்த காரியங்களையும் எழுதுங்கள். இரண்டாவது வரிசையை நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கு நன்றாக வருகிற வேலைகள்தான் அங்கே இருக்கும்.

நாம் பலவீனமாக இருக்கும் இடத்தில் ஜெபிப்பது பெரிய விஷயம் அல்ல. பயம் வந்தால் யாருக்கும் ஜெபம் வரும். கை தேர்ந்த இடத்தில்தான் ஜெபம் நின்றுபோகிறது. நாம் விழுவதும் அங்கேதான்.

யோசுவா 9-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிபியோனின் குடிகள் இஸ்ரவேலருக்குப் பயந்த பக்கத்து ஊர்க்காரர்கள். ஆனால் வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் வேஷம் போட்டு வந்தார்கள். கிழிந்து கட்டிய திராட்சரசத் துருத்திகள், ஒட்டுப்போட்ட பழைய பாதரட்சைகள், உலர்ந்து பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலின் தலைவர்கள் ஏமாளிகள் இல்லை. 'ஒருவேளை நீங்கள் இங்கேயே குடியிருப்பவர்களோ?' என்று சந்தேகப்பட்டுக் கேட்கவும் செய்தார்கள். அப்பத்தை எடுத்துப் பார்த்தார்கள். கண் சொன்னது, அறிவு ஒத்துக்கொண்டது, உடன்படிக்கை செய்துவிட்டார்கள். கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் இவர்கள் நம் நடுவிலேயே குடியிருக்கிறவர்கள் என்று தெரிந்தது.

எரிகோவின் மதிலைப் பார்த்தபோது கர்த்தர் சொன்னபடியே நடந்த அதே ஜனம்தான் இது. மதில் பெரிதாக இருந்தபோது அவர் வேண்டியிருந்தது. அப்பம் கைக்குள் அடங்கும் அளவு இருந்தபோது தங்கள் கண்ணே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

உங்களுக்கே அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. எனக்குப் பேச்சு நன்றாக வரும். இரண்டு பேருக்கு நடுவில் மனஸ்தாபம் என்றால் என்னைத்தான் அழைப்பார்கள். உறவில் ஒரு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரிப்பதில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். முதல் நாள் இரவே உட்கார்ந்து, பேச வேண்டியதை நான்கு குறிப்புகளாக ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். நல்ல குறிப்புகள். இப்போது எடுத்துப் பார்த்தாலும் அவற்றில் தவறில்லை. அன்று இரவு நான் செய்யாதது ஒன்றுதான்: முழங்கால் போடவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. தோன்றவே இல்லை.

மூன்றாவது குறிப்புக்கு வந்தபோது அண்ணன் எழுந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கி, நாலாக மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தார். "நீ வழக்கு பேச வந்திருக்கிறாய், தம்பி" என்றார். அவ்வளவுதான், நான் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் பல வாரங்கள் அந்த வீட்டுக்காக ஜெபித்தேன். ஜெபிக்க ஜெபிக்க, பேச வேண்டியது என்ன என்பது மறைந்து, அந்த மனுஷனுக்கு எங்கே வலிக்கிறது என்கிற யோசனை வந்தது. மறுபடி போனபோது கையில் தாள் இல்லை. அவர்தான் பேசினார். அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறை தம்பியின் பங்கில் போகிறது என்பதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. என் நான்கு குறிப்புகளில் அந்த அறை இல்லவே இல்லை. அன்றைக்கே சமாதானம் ஆகிவிட்டது என்று சாட்சி சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. ஆனால் கதவு திறந்தது அந்த நாளில்தான்.

'முயற்சி திருவினையாக்கும்' என்று சின்ன வயதிலிருந்தே படித்து வளர்ந்திருக்கிறோம். ஜெபித்துவிட்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. ஜெபத்தையும் முயற்சியையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைப்பதால் வரும் குழப்பம் இது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நினைக்கிறோம். வேதத்தில் அதிகமாக ஜெபித்தவர்கள் அதிகமாக உழைத்தவர்களாகவும் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், பெர்சியா ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியா. எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லேயு மாதத்தில் வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசித்து மன்றாடுகிறார். ராஜாவிடம் பேசும் தருணம் நிசான் மாதத்தில்தான் வருகிறது. நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று அர்தசஷ்டா ராஜா கேட்டவுடன், பதில் சொல்வதற்கு முன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்று எழுதுகிறார். ராஜா காத்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும்? ஒரு மூச்சு விடும் நேரம். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் நான்கு மாத ஜெபம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் கேட்பதைக் கவனியுங்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்கிறார். நதிக்கு அப்புறத்து அதிகாரிகளுக்குக் கடிதங்கள் வேண்டும் என்கிறார். வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் வேண்டும் என்கிறார். ராஜாவின் வனக்காவலனுடைய பெயர் ஆசாப் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது ஜெபித்துவிட்டு சும்மா இருந்தவர் பேச்சா? எதிரிகள் சதி செய்தபோதும் அப்படித்தான்: ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். அலங்கம் 52 நாளில் முடிந்தது. முடிந்ததைப் பார்த்த எதிரிகளே, இது தேவனால் கைகூடிவந்தது என்று அறிந்துகொண்டார்கள்.

முயற்சி செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். அந்த முயற்சி யார்மேல் சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

'தனக்குத் தானே உதவி செய்கிறவனுக்குக் கடவுள் உதவுவார்' என்று பைபிளில் இருக்கிறதே?

இல்லை. பழைய கிரேக்கக் கதைகளிலேயே அதே கருத்து வருகிறது. வேதாகமத்தில் எந்த இடத்திலும் அந்த வசனம் கிடையாது. தனக்கு உதவி செய்துகொள்ள முடியாதவர்களுக்கு தேவன் உதவினார் என்றுதான் அதன் பக்கங்கள் நெடுகிலும் படிக்கிறோம்.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே பயந்துபோய், யாரோ சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: போங்கள். மருந்தைச் சாப்பிடுங்கள். யாருடைய ஜெபத்தின் பெயரிலும் மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

யூதாவின் இரண்டு ராஜாக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எசேக்கியா மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார். கர்த்தர் 15 வருடம் கூட்டித் தந்தார். ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவை என்கிற கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பற்று போட்டார்கள்.

இன்னொருவர் ஆசா. கால்களில் கொடிய வியாதி வந்தபோது, கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே, அதாவது மருத்துவர்களையே, தேடினார் என்று 2 நாளாகமம் 16 சொல்கிறது. பரிகாரிகளிடம் போனதற்காக அல்ல, அவர்களோடு நின்றுவிட்டதற்காகத்தான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆசா ஒரு காலத்தில், 10 லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் வந்த எத்தியோப்பியனாகிய சேராவுக்கு முன்னால் நின்று, பெலமில்லாதவனுக்கு உதவி செய்வது உமக்கு லேசான காரியம் என்று ஜெபித்தவர். பிறகு பல ஆண்டு சமாதானம். அதற்கும் பிறகு இஸ்ரவேலின் ராஜாவான பாஷா எதிர்த்து வந்தபோது அவர் ஜெபிக்கவில்லை. ஆலயத்துப் பொக்கிஷத்தை எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்கினார். திட்டம் பலித்தும் விட்டது. எனக்குப் பயம் தருகிற இடம் இது. ஜெபிக்காமல் செய்த ஒன்று பலித்துவிட்டால், அடுத்த முறை ஜெபிக்க வேண்டும் என்றே தோன்றாது. கால் வலி வந்தபோதும் அவருக்குத் தோன்றவில்லை.

போன முறை இப்படிச் செய்துதான் ஜெயித்தேன். இந்த முறை ஏன் நடக்கவில்லை?

சீஷர்களும் இதைத்தான் கேட்டார்கள். இயேசு அவர்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பியபோது அநேகம் பிசாசுகளைத் துரத்தினார்கள் என்று மாற்கு 6-இல் இருக்கிறது. 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் பிசாசு பிடித்த தன் மகனைக் கொண்டுவருகிறார். சீஷர்களால் அதைத் துரத்த முடியவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகு, "எங்களால் ஏன் முடியவில்லை?" என்று தனியாகக் கேட்கிறார்கள். இந்த வகை ஜெபத்தினாலேயன்றி வேறெதினாலும் போகாது என்பது இயேசுவின் பதில். முன்பு கிடைத்த வல்லமை தங்கள் கைக்கு வந்துவிட்ட சொத்து என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தாவீது இந்த இடத்தில் தப்பித்தார். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவினார்கள். போகலாமா என்று கர்த்தரைக் கேட்டார், போ என்றார், ஜெயித்தார். அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி வந்தார்கள். நானாக இருந்தால் போன முறை சொன்னதே போதும் என்று கிளம்பியிருப்பேன். தாவீது மறுபடியும் கேட்டார். இந்த முறை பதில் வேறு: நேராய்ப் போகாதே, பின்னாலே சுற்றிப் போய், முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் செல்லுகிற இரைச்சல் கேட்கும்வரை காத்திரு. கேட்காமல் போயிருந்தால் பழைய வெற்றியே அவருக்குக் கண்ணியாகியிருக்கும்.

ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஜெபிக்க வேண்டுமா?

எந்தச் சட்டையைப் போடுவது என்பதற்கெல்லாம் வானத்திலிருந்து சத்தம் வரும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. அது மனதை அலைக்கழிக்கும்.

என் அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு, சாவியைப் பூட்டிலிருந்து எடுக்காமல், அதைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் நிற்பார்கள். கண்ணை மூட மாட்டார்கள். உதடு மட்டும் லேசாக அசையும். பிள்ளைகள் நாங்கள் தெருவில் நின்று அவசரப்படுத்துவோம். அதன் பிறகுதான் சாவியைத் திருப்பி எடுத்துப் பைக்குள் போடுவார்கள். அது என்ன ஜெபம் என்று நான் கேட்டதே இல்லை. எந்த வேலைக்குப் போனாலும், கடினமோ சுலபமோ, அந்த ஒரு நிமிடம் இருந்தது. அந்த அளவு போதும் என்று நினைக்கிறேன்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஜெபிக்க நேரமே இல்லையே?

உண்மையிலேயே நேரமில்லாதவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்பவர், இரண்டு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். அவர்கள்மேல் குற்ற உணர்வைச் சுமத்த மாட்டேன். நெகேமியாவின் ஒரு மூச்சு ஜெபம் அவர்களுக்கானது.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கப்பர்நகூமில் ஊர் முழுவதும் வாசலுக்கு முன் கூடிவந்து, இயேசு இரவு வரை நோயாளிகளைச் சுகமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடி வந்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்றார். அத்தனை பேர் தேடியும், அவர் அங்கே திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். ஜெபித்தவருக்கு, செய்ய வேண்டாத வேலை எது என்றும் தெரிந்திருந்தது. என் அனுபவத்தில் ஜெபம் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் அதுதான்.

ஜெபித்தேன், முழு மனதோடு அவரையே சார்ந்திருந்தேன். ஆனாலும் தோற்றுவிட்டேன். ஏன்?

தெரியவில்லை என்பதுதான் நேர்மையான பதில். உங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்பவர்களின் வார்த்தையைத் தயவுசெய்து மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசுவும் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

தேவனைச் சார்ந்திருப்பதை வெற்றிக்கான ஒரு உத்தியாகவே நாம் வைத்திருந்தால், தோற்ற அன்றைக்கு அது பொய்யாகத் தெரியும். அவரைச் சார்ந்திருப்பது அவரோடு இருப்பது. தோற்ற பிறகும் அவரிடம் போய் அழ முடிகிறது என்றால், சாய்வு இன்னும் உடையவில்லை. அந்த அழுகையையே ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபிக்காதவர்களும்தான் முன்னேறுகிறார்கள்?

ஆமாம். தேவன் நல்லவர்கள்மேலும் தீயவர்கள்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார். முன்னேற்றத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

எனக்கு ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை. என்ன செய்வது?

யோசபாத் ராஜாவுக்கு எதிராகப் பெரிய கூட்டம் திரண்டு வந்தபோது, அவர் ஜனங்களுக்கு முன்பாக நின்று செய்த ஜெபத்தின் கடைசி வரியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு ராஜா, மனைவிகளும் குழந்தைகளும் உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்கிறார். இதைவிட நேர்மையான ஜெபம் எனக்குத் தெரியாது. அதுவும் வரவில்லையென்றால் மௌனமாக உட்காருங்கள். வார்த்தைக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் இருக்கிறது.

ஜார்ஜ் முல்லரைப்போல யாரிடமும் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்க வேண்டுமா?

1805-இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836 முதல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் முல்லர். 1898-இல் இறப்பதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். தேவைகளை மனிதரிடம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்று தீர்மானித்திருந்தார். அது அவருக்குக் கிடைத்த அழைப்பு. எல்லாரும் அதை நகல் எடுக்க வேண்டியதில்லை. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளிடம் வெளிப்படையாகவே உதவி கேட்டார்.

முல்லரைப் பற்றிச் சொல்லும்போது பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. வந்த ஒவ்வொரு காசுக்கும் துல்லியமாகக் கணக்கு எழுதி, ஆண்டறிக்கை வெளியிட்டார். அற்புதத்தை எதிர்பார்த்தவர் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை.

காரியம் வாய்த்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமான கேள்வி, குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

கிதியோனோடு 32,000 பேர் இருந்தார்கள். 'என் கையே என்னை இரட்சித்தது' என்று இஸ்ரவேல் பெருமை பேசாதபடிக்கு, கர்த்தர் அவர்களைக் குறைத்தார். பயந்தவர்கள் 22,000 பேர் போனார்கள். மீதி 10,000 பேர் தண்ணீரண்டையில் சோதிக்கப்பட்டு 300 ஆனார்கள். அந்த 300 பேரோடு மீதியானியரை ஜெயித்தார். இதுவரைக்கும் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். அடுத்த அதிகாரத்தில், கொள்ளையில் வந்த 1,700 சேக்கல் பொன்னை வாங்கி ஆசாரியர் அணியும் மேலாடையான ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தார். இஸ்ரவேலர் எல்லாரும் அதைப் பின்பற்றிச் சோரம்போனார்கள். அது கிதியோனுக்கும் அவர் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று. ஆளைக் குறைத்தபோது நிமிர்ந்து நின்றவர், பொன் சேர்ந்தபோது விழுந்தார்.

ஆகவே காரியம் முடிந்ததும் அதே நாளில் நன்றி சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால், எப்படி முடித்தேன் என்ற கதையை மனம் தன் பெயரில் எழுத ஆரம்பித்துவிடும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கேட்ட தேதி இடது பக்கம், பதில் வந்த தேதி வலது பக்கம். வலது பக்கத்தில் பல வரிகள் இன்னும் காலிதான். யாராவது என்னைப் புகழ்ந்துவிட்டால் அன்று இரவு அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன்.

அம்மாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதும், கை நிறையப் பைகள் இருந்தாலும், சாவியைப் பிடித்தபடி அதேபோல ஒரு நிமிடம் நிற்பார்கள்.